பி.எட். நோட்டில் ஒரு வரி

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ நாலு வார்த்தை பேசிவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. இங்கே ஆடி முடிந்தும் வெயில் இறங்கவில்லை, நம்ம வேலூர் எப்போது இறங்கியிருக்கிறது.

ரெண்டு வருடம் பி.எட். படித்து, டெட் என்கிற தகுதித் தேர்வு எழுதி, வேலைக்கு டிஆர்பி தேர்வும் எழுதி, பரமக்குடிப் பக்கம் போய் நின்றால், கல்லூரியில் கற்றது ஒன்றும் எட்டாம் வகுப்பில் செல்லுபடியாகவில்லை என்கிறாய். போதாததற்கு, பயிற்சிக்கு ஒரு பி.எட். பெண்ணை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சலிப்பு வேறு. முதலாவது சரிதான். எனக்கும் ஒன்றும் செல்லுபடியாகவில்லை. 1987இல் படித்த கல்வி உளவியலில் இப்போது என்னை எழுப்பிக் கேட்டாலும் மூன்று பெயர்தான் வரும், அதையும் மாற்றித்தான் சொல்லுவேன். ஆனால் கல்லூரியில் ஒட்டிக்கொண்டது பாடம் இல்லை, ஆட்கள். அதில் நல்லவர்களும் உண்டு, மற்றவர்களும் உண்டு.

மற்றவரை முதலில் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்ஸியில் எங்களுக்கு ஒரு சார். கரும்பலகையோடுதான் பேசுவார், எங்கள் பக்கம் திரும்பவே மாட்டார். வலது கையால் எழுதுவார், எழுதிய கையோடு இடது கையால் அழிப்பார். அவரிடம் ஒரே ஒரு முறை சந்தேகம் கேட்டேன். “இது புரியாதவங்க எல்லாம் ஏன் மேத்ஸ் எடுக்கறீங்க” என்றார். அவ்வளவுதான், மூன்று வருடம் நான் வாயைத் திறக்கவில்லை. நான் டீச்சர் ஆனால் இப்படி ஒரு வார்த்தை சொல்லவே மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஆனால் சொன்னேன், கண்ணு. வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம் கழித்து, ஒரு மத்தியானம், பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனிடம், அதே வார்த்தை, அதே குரல். எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. அவன் பேசாமல் உட்கார்ந்துவிட்டான், நானும் பாடத்தைத் தொடர்ந்துவிட்டேன். மறுநாள் அவன் பெஞ்சிலேயே போய் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். மன்னிப்பு என்று வாய் திறந்து கேட்கவில்லை, அந்தக் காலத்தில் அதெல்லாம் எங்களுக்கு வராது.

இப்போது எங்கள் பி.எட். மேடம். அப்போது பி.எட். ஒரே வருடம்தான். நம் மாவட்டம் முழு வட ஆற்காடு, திருவண்ணாமலையைப் பிரித்தது 1989இல்தான். எங்கள் நாலு பேரைக் குடியாத்தத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போட்டார்கள். காலையில் ஏழு மணி பஸ், ஒரு கையில் சுருட்டிய சார்ட், ஒரு கையில் டிபன் பாக்ஸ். சதவீதப் பாடத்துக்கு ராத்திரி ரெண்டு மணி வரை ஜிகினாத் தாள் ஒட்டி ஒரு சார்ட் செய்திருந்தேன், உன் பெரியம்மா கூட உட்கார்ந்து ஒட்டினாள். மேற்பார்வைக்கு வருகிற மற்றவர்கள் பத்து நிமிஷம் நின்றுவிட்டு, “குரல் நன்று, கரும்பலகைப் பயன்பாடு நன்று, துணைக் கருவி மிக நன்று” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போய்விடுவார்கள். மேடம் பின்னாடி போய்க் கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு இடித்துக்கொண்டு முழு பீரியடும் உட்கார்ந்தார். நோட்டு திரும்பி வந்தபோது என் சார்ட்டைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. ஒரே வரிதான் இருந்தது: “ரெண்டாவது வரிசையில் சுவரோரம் இருந்த பெண் 40 நிமிஷத்தில் ஒரு முறைகூட நிமிரவில்லை, ஏன்?”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சார்ட்டைப் பார்க்கவே இல்லையா இந்த அம்மா என்று கோபம்.

மறுநாள் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். ராத்திரி பன்னிரண்டு வரை அம்மாவோடு பீடி சுற்றினாளாம். விரல் நுனியைப் பார்த்தேன், பீடி இலை வெட்டிய கீறல்கள், நகத்தடியில் தூள் வாசம். எத்தனை சுற்றினாய் என்றேன். “பதினெட்டுக் கட்டு டீச்சர்” என்றாள். ஒரு கட்டுக்கு 25 பீடி, ஆயிரத்துக்கு 40 கட்டு. கூலி கணக்கெல்லாம் ஆயிரத்துக்குத்தான். ஆயிரத்துக்குப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொள், உனக்கு எவ்வளவு வரும் என்று கேட்டேன். நான் மனதில் பெருக்கி முடிப்பதற்குள் “நாலரை” என்றாள். ஆயிரத்துக்கு 450, அதுதானே நூற்றுக்கு 45. முந்தின நாள் ஜிகினாத் தாளில் நான் நாற்பது நிமிஷம் கத்தியது அதைத்தான். அன்றைக்குச் சார்ட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் பீடிக் கட்டை வைத்தே நடத்தினேன். பாதி வகுப்புக்குப் பீடிக் கணக்கு தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியாமல் இருந்தது.

நீ கேட்கப் போவது தெரியும், அப்புறம் நான் நல்ல டீச்சர் ஆகிவிட்டேனா என்று. எங்கே! அப்போதெல்லாம் வேலைவாய்ப்பு அலுவலகத்துப் பதிவு மூப்புப்படிதான் அரசு வேலை, 1994 வரை காத்திருந்தேன். நடுவில் தனியார் பள்ளி, சொற்பச் சம்பளம், அதை விடு. அரசுப் பள்ளிக்குப் போனதும் நான் செய்த முதல் காரியம், அப்படியே மேடமாக மாறியதுதான். அவர் மெதுவாகப் பேசுவார், குரலை இறக்கினால் வகுப்பே அடங்கும். நானும் இறக்கினேன். எழுபது பிள்ளைகள், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு. ஒருத்திக்கும் காதில் விழவில்லை. அவர் மாதிரியே புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றது இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஆறு மாதம் பார்த்துவிட்டு எங்கள் தமிழ் ஐயா ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னார்: “டீச்சர், அந்தக் குரலை அவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க. அவங்க எங்க உக்காந்து பாத்தாங்களோ, அதை மட்டும் வெச்சுக்குங்க.”

நீயும் உன் கல்லூரி சாரைப் போல ஜோக் சொல்லிப் பார்க்கிறாய், எட்டாம் வகுப்பு சிரிக்கவில்லை என்றாயே, அதனால்தான் இதைச் சொன்னேன்.

இன்னொன்று. ஒவ்வொரு செப்டம்பர் 5க்கும் நாம் ராதாகிருஷ்ணன் படத்துக்கு மாலை போடுகிறோம். அவர் நம்ம ஊரீஸ் கல்லூரியில் படித்துவிட்டுத்தான் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குப் போனார். பிறந்த திருத்தணிகூட அப்போது வட ஆற்காடுதான். அவர் தத்துவம் எடுத்ததே, உறவுக்காரர் ஒருவர் படித்து முடித்த பாடப் புத்தகங்கள் சும்மா கிடைத்ததால்தான். (நான் கணக்கு எடுத்தது பெரியம்மாவின் புத்தகங்கள் அலமாரியில் இருந்ததால், ஆகவே நானும் அவரும் ஒரு வகை.) கிறித்தவக் கல்லூரியில் பாதிரியார்கள் இந்து மதத்தை விமர்சித்தது அவருக்குச் சுருக்கென்று தைத்து, அதனாலேயே வேதாந்தத்தைத் தோண்டிப் படித்து, எம்.ஏ. ஆய்வையும் அதன் மேலேயே எழுதினார். அதைப் பாராட்டியதும் அங்கிருந்த ஹாக் என்ற பாதிரியார்தான். குத்தினதும் அந்தக் கல்லூரிதான், தட்டிக் கொடுத்ததும் அந்தக் கல்லூரிதான். மாலை போடும்போது இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை.

சரி, திங்கட்கிழமை உன்னிடம் பயிற்சிக்கு அந்த பி.எட். பெண் வருகிறாள் இல்லையா. அவளிடம் வகுப்பைக் கொடுத்துவிட்டு ஸ்டாஃப் ரூமுக்கு விடைத்தாள் திருத்தப் போய்விடாதே. பின்னாடி போய் உட்கார். எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்குப் பஸ் ஏறுகிறாள் என்றும் கேள், எங்களை மேடத்தைத் தவிர யாரும் அதைக் கேட்டதில்லை.

அப்பா உன் பி.எட். ரெக்கார்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போடலாமா என்று கேட்கிறார், பரணில் இடம் இல்லையாம். நான் வேண்டாம் என்று இறக்கி வைத்து ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லாப் பக்கத்திலும் “நன்று, நன்று”தான். ஒரே ஒரு இடத்தில், பச்சை மையில், கையெழுத்து யாருடையது என்றுகூடத் தெரியவில்லை, “கேள்வியைக் கேட்டுவிட்டு நீங்களே பதில் சொல்லிவிடுகிறீர்கள்” என்று எழுதியிருக்கிறது. போனிலும் அப்படித்தான் செய்கிறாய். யார் எழுதியது என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லு.

அம்மா