பழைய இத்தாலிய வண்டி வாங்கத் துடிக்கும் டர்பன் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

வணக்கம். சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கோயில் வாசலில் ஒரு வண்டிக்குப் பூஜை நடந்தது. சாம்பல் நிற மசெராட்டி கிரான்டூரிஸ்மோ. முந்தின இரவே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பதினைந்து வயதைத் தாண்டிய வண்டி என்றாலும் கழுவித் துடைத்து மாப்பிள்ளை மாதிரி நின்றது. பானெட்டில் சந்தனமும் குங்குமமும், நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம். குருக்கள் சூடம் காட்டி முடித்ததும் அந்தத் தம்பி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். முதல் இரண்டு விநாடி, டப்பாவுக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்கியதுபோல் கடகடவென்று ஒரு சத்தம். அப்புறம் அடங்கிவிட்டது. எலுமிச்சம்பழம் நசுங்கியது, எல்லோரும் கை தட்டினார்கள்.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். வால்வு திறக்கும் நேரத்தை முன்னும் பின்னும் நகர்த்தித் தரும் வேரியேட்டர் தேய்ந்துபோனால் வரும் சத்தம் அது. கிரான்டூரிஸ்மோவில் முதல் சில வருடங்களில் வந்த இன்ஜின்களுக்கு இது தெரிந்த வியாதி. இன்ஜின் சூடாகிவிட்டால் காதில் விழாது. நல்ல காரியம் நடக்கிற இடத்தில் குறை சொல்லக் கூடாது என்று நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை, அந்த வண்டி எங்கள் பட்டறைக்கே வந்தது. முன்பக்கத்தைப் பிரிக்க வேண்டும், ஸ்பேர் ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும். ஆன செலவு, வண்டி வாங்கிய விலையில் கால்வாசி. வீட்டுக் கடனில் கூடுதலாகக் கட்டி வைத்திருந்த பணத்தைத் திரும்ப எடுத்துத்தான் அவர் அந்த வண்டியையே வாங்கியிருந்தார். "அண்ணே, அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் கேட்டது நியாயம். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். தமிழ் படிக்கத் தெரியாத தம்பி வீட்டில் இருந்தால் பாட்டியோ அத்தையோ வாசித்துக் காட்டுங்கள்.

நான் கோயம்புத்தூர்க்காரன். கணபதியில் லேத் பட்டறையில் தொழில் கற்றுக்கொண்டு, இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வந்த நாளிலிருந்து பெரும்பாலும் இத்தாலிய வண்டிகள்தான் என் கையில். அவற்றை வாங்காதீர்கள் என்று சொல்ல நான் எழுதவில்லை. வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் வாங்குகிற விதம் ஒன்று இருக்கிறது.

கிரான் டூரிஸ்மோ என்ற பெயரே நெடும்பயணத்தைக் குறிப்பது. இரண்டு பேர், இரண்டு பெட்டி, ஒரு முழு நாள் சாலை. களைக்காமல், வேகமாய், சுகமாய்ப் போய்ச் சேர வேண்டும். அதற்குத்தான் முன்னால் பெரிய இன்ஜின், நல்ல தோல் இருக்கை, நீண்ட பானெட். நம் ஊரிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் போகும் என்3 சாலையில் விடியற்காலையில் புறப்பட்டு, லாரிகள் கூடுவதற்கு முன் மூயி ரிவர் தாண்டி, வான் ரீனன் கணவாயில் ஏறிப் பாருங்கள். ஜோஹன்னஸ்பர்க் வரை மொத்தம் சுமார் 570 கிலோமீட்டர். இந்த வண்டிகள் எதற்காகச் செய்யப்பட்டன என்று அந்த ஏற்றத்தில் புரியும். இன்னொன்றும் புரியும். காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத இன்ஜின் கடல் மட்டத்தில்தான் முழு மூச்சு விடும். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் 1,700 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து, சக்தியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போய்விடும். டர்பனில் இருப்பவர்களுக்கு அந்த வகையில் கொடுப்பினை.

சரி, 'நாளைக்கு இது கிளாசிக் ஆகும், விலை ஏறும்' என்கிற பேச்சுக்கு வருவோம். அந்தப் பேச்சு முழுப் பொய் இல்லை. ஃபெராரி 550 மரனெல்லோ 1996-ல் வந்தது. முன்னால் பன்னிரண்டு சிலிண்டர் கொண்ட 5.5 லிட்டர் வி12 இன்ஜின், கையால் போடும் கியர் மட்டும்தான். கொஞ்ச காலம் யாரும் சீண்டாமல் கிடந்து, பிறகு நன்றாக ஏறிய வண்டி அது. அதற்கு அடுத்து வந்த 575எம் வண்டியில் கை கியர் வைத்தவை உலகம் முழுவதற்கும் இருநூற்று ஐம்பதுக்கும் குறைவு. அதே வண்டி, அதே இன்ஜின். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் துடுப்பு வைத்த கியர் என்றால் ஒரு விலை, கையால் போடும் கியர் என்றால் பல மடங்கு. மக்கள் காசு கொடுப்பது எதற்கு என்று இதிலேயே தெரிகிறது. இனி வராத ஒன்றுக்கு.

கிரான்டூரிஸ்மோவுக்கு அந்த யோகம் வருமா? 2007-ல் வந்து 2019 வரை செய்தார்கள். கூப்பே மட்டுமே 28 ஆயிரத்துக்கு மேல். அபூர்வம் என்று சொல்ல முடியாது. கை கியர் அதில் கிடையவே கிடையாது. ஆனால் பின்னின்ஃபரீனா வரைந்த உடம்பு, ஃபெராரி மரனெல்லோவில் செய்துகொடுத்த டர்போ இல்லாத வி8. அதற்குப் பின் வந்த புது கிரான்டூரிஸ்மோவில் ஒன்று டர்போ வி6, இல்லையென்றால் மின்சாரம். அந்தச் சத்தம் முடிந்துபோயிற்று. என் கணக்கில் அது மெல்ல ஏறும், 550 மாதிரி பாயாது. அந்தக் குடும்பத்தில் என்னைக் கேட்டால், அதற்கு முந்தைய 4200 கூப்பேயில் கை கியர் வைத்த ஒன்று கிடைத்தால் விடாதீர்கள் என்பேன். பெரும்பாலானவை கம்பியோகோர்சா என்ற துடுப்பு கியருடன்தான் வந்தன. கம்பியோகோர்சா வண்டி என்றால் கிளட்ச் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று டயக்னாஸ்டிக் கருவியில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் கிளம்பி வந்துவிடுங்கள்.

இவ்வளவு பேரும் மசெராட்டி, ஃபெராரி என்று அலைகிறீர்கள். நம் நாட்டிலேயே பிறந்த ஒன்றை மறந்துவிட்டீர்களே என்பதுதான் எனக்கு வருத்தம். பிரிட்டோரியாவுக்குப் பக்கத்தில் பிரிட்ஸ் என்ற ஊரில் ஆல்ஃபா ரோமியோவுக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. 1980-களின் நடுவில் அங்கே ஜிடிவி6 வண்டிக்கு 3 லிட்டர் இன்ஜின் போட்டார்கள். பந்தயத்தில் ஓட அனுமதி வாங்குவதற்காகச் செய்தது. இத்தாலியிலேயே அப்போது 2.5 லிட்டர்தான். ஆறு சிலிண்டருக்கு ஆறு டெல்லோர்ட்டோ கார்ப்பரேட்டர். இருநூற்றுச் சொச்சம் வண்டிதான் செய்தார்கள். கொஞ்ச நாளில் ஆல்ஃபா இந்த நாட்டைவிட்டே போய்விட்டது. உலகத்தில் வேறெங்கும் பிறக்காத வண்டி அது.

அப்படி ஒன்றை டொங்காட் பக்கத்தில் ஒரு பெரியவர் வீட்டில் பார்த்தேன். கரும்பு அளக்கும் இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் கையாக அதை வாங்கிய காலத்தில் டர்பன் கடற்கரைகூட இனம் பிரித்துத்தான் கிடந்தது. கடற்கரைச் சாலையில் அந்த வண்டியை ஓட்டிப் போகலாம், நினைத்த இடத்தில் இறங்கிக் கால் நனைக்க முடியாது என்றார். போர்வையை எடுத்தார். சிவப்பு, கொஞ்சம் மங்கியிருந்தது. கதவு இடுக்கில் துரு ஆரம்பித்திருந்தது. இரண்டாம் கியர் குளிரில் கரகரத்தது, ஆல்ஃபாவுக்கு அது பிறவிக் குணம். நான் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின் கொண்டுவந்தார். அதில் முப்பது வருடத்துப் பில்கள். டைமிங் பெல்ட் மாற்றிய பில், கியர்பாக்ஸ் பின்னால் இருப்பதால் நடுத்தண்டில் வரும் ரப்பர் கப்ளிங் மாற்றிய பில், ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலில் தமிழ். 'ஆயில் மாத்தினது, தைப்பூசத்துக்கு மறுநாள்.' 'பெல்ட், சின்னவள் கல்யாணத்துக்கு முன்.' பக்கத்திலேயே கிலோமீட்டர் கணக்கு.

நான் அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த வண்டியின் மதிப்பில் பாதி அந்த டின்னில் இருக்கிறது. பிள்ளைகள் யாரும் கேட்கவில்லை, விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன் என்றார். விற்றாலும் டின்னோடு விற்றுவிடுங்கள் ஐயா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், வெளிநாட்டிலிருந்து பழைய வண்டியை நினைத்தபடி இறக்கிக்கொள்ள இந்த நாட்டில் வழி இல்லை. சர்வதேச வர்த்தக நிர்வாக ஆணையத்தின் அனுமதி வேண்டும். வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வருபவர், குடியேற வருபவர், மிகப் பழைய வண்டி என்று சில வகைக்குத்தான் அந்த அனுமதி. ஆகவே நாம் வாங்கக்கூடியது பெரும்பாலும் இங்கே புதிதாக விற்று, இங்கேயே ஓடிய வண்டிதான். ஒன்று நொறுங்கினால் கணக்கில் ஒன்று குறையும், அந்த இடத்துக்கு இன்னொன்று வராது. நீங்கள் வாங்குகிற வண்டி அப்படி மிச்சமிருக்கிற சிலவற்றில் ஒன்று. அதைத் தாழ்த்தி, புகைக்குழாயை வெட்டி, டேஷ்போர்டில் ஓட்டை போட்டு ஸ்பீக்கர் வைத்து, ஆறு மாதத்தில் அலுத்துப்போய்த் தள்ளிவிட்டால், அடுத்தவனுக்கு வாங்க எதுவும் இருக்காது. சத்தம் வேண்டும், சக்கரம் மாற்ற வேண்டும் என்ற ஆசை எனக்கும் உங்கள் வயதில் இருந்தது. மாற்றுங்கள். ஆனால் திருப்பி மாற்ற முடிகிற மாதிரி மாற்றுங்கள். கழற்றிய ஒவ்வொரு பொருளையும் துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள்.

பார்க்கப் போகும்போது முதலில் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். கோட் 2 என்றால் சாதாரணப் பழைய வண்டி. கோட் 3 என்றால் விபத்தில் நொறுங்கியதாக எழுதிவிட்டு மறுபடி கட்டியது. எவ்வளவு பளபளத்தாலும் அது கிளாசிக் விலை பார்க்காது. அப்புறம் கீழே படுத்துப் பாருங்கள். நம் ஊர் உப்புக்காற்று இரும்பை விடாது, இன்ஜினையும் சக்கரங்களையும் தாங்கும் அடிச்சட்டமான சப்ஃப்ரேமில் துரு பிடித்திருக்கும். ஜோஹன்னஸ்பர்க் வண்டியில் துரு குறைவு, ஆனால் அங்கே ஆலங்கட்டி மழை. வெயிலில் பானெட்டைச் சாய்வாகப் பார்த்தால் குழி தெரியும். ஃபெராரி 612 மாதிரி அலுமினிய உடம்பு என்றால் அதை டிங்கரிங் பார்க்க எல்லோராலும் முடியாது. உள்ளே சுவிட்சுகளைத் தொட்டுப் பாருங்கள். அந்தக் கால இத்தாலிய வண்டிகளில் பட்டன்மேல் பூசிய மெத்தென்ற பூச்சு நம் புழுக்கத்தில் இளகிவிடும். பலாப்பழம் உரித்த கைபோல் விரல் ஒட்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சரி செய்துவிடலாம். பயப்பட வேண்டியது பில் இல்லாத வண்டியைப் பார்த்து.

காசு விஷயம். இதைத் தங்கைகளும் கேளுங்கள், ஏனென்றால் வீட்டுக் கணக்கு பார்ப்பது பெரும்பாலும் நீங்கள்தான். கடைசியில் மொத்தமாகக் கட்டும் பலூன் தவணையில் இந்த வண்டிகளை வாங்கவே வாங்காதீர்கள். ஆறு வருடம் கழித்து அந்தப் பெரிய தொகையும் வரும், டைமிங் பெல்ட்டும் கிளட்ச்சும் அதே மாதத்தில் வரும். கையில் இருக்கிற காசில் நான்கில் மூன்று பங்குக்கு வண்டி வாங்குங்கள், மீதியைத் தொடாமல் வையுங்கள். அது போதவில்லை என்றால் மசெராட்டியை விட்டுவிட்டு 1995-க்குப் பின் வந்த ஆல்ஃபா ஜிடிவி வி6 பாருங்கள். அதில் இருப்பது புஸ்ஸோ இன்ஜின். ஜுசெப்பே புஸ்ஸோ என்ற மனிதர் உருவாக்கியது. 2005 முடிவில் அதன் உற்பத்தி நின்றது, 2006 ஜனவரி தொடக்கத்தில் அவரும் இறந்துபோனார். பானெட்டைத் திறந்தால் வரிசையாய் ஆறு பளபளக்கும் குழாய்கள், வீணைத் தந்தி மாதிரி. பெல்ட்டை 60,000 கிலோமீட்டருக்கு முன்பே மாற்றுங்கள். மாற்றும்போதே தண்ணீர்ப் பம்பையும் மாற்றுங்கள். உள்ளே பிளாஸ்டிக் விசிறி உள்ளதை விட்டு இரும்பு விசிறி உள்ளதைப் போடுங்கள். பிளாஸ்டிக் உடைந்தால் இன்ஜின் கொதித்துப் போகும். இது ஒரு சாதாரணச் சம்பளக்காரர் பராமரிக்கக்கூடிய வண்டி.

வாங்கிய பிறகு ஓட்டுங்கள். விலை ஏறட்டும் என்று மூடி வைத்த வண்டியில் ரப்பர் காய்ந்து, பெட்ரோல் கெட்டு, பேட்டரி செத்துப் போவதைத்தான் நான் பார்க்கிறேன். வாரம் ஒரு முறை உம்லாங்கா வரையாவது போய் வாருங்கள்.

அந்தச் சாம்பல் நிற மசெராட்டி இப்போது சரியாகிவிட்டது. அந்தத் தம்பி பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனார். நான் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி வைத்திருந்தேன், அதில் போட்டுக் கொடுத்தேன். பில்லின் முதுகில் தேதியும் கிலோமீட்டரும் எழுதச் சொன்னேன். எழுதினார்.

இனி யாராவது வண்டி பார்க்கப் போவதாக இருந்தால், வாங்குவதற்கு முன் என்னைக் கூப்பிடுங்கள். சனிக்கிழமை காலை எனக்கு வேலை கிடையாது. காசு வேண்டாம், ஒரு டீ போதும். விற்பவரிடம் ஒன்றே ஒன்று கேட்டு வையுங்கள். முந்தின இரவிலிருந்து நான் வந்து சேரும்வரை அந்த இன்ஜினை யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

அன்புடன்,
டர்பனிலிருந்து உங்கள் மெக்கானிக் அண்ணன்