அத்தைக்கு: இந்த விளையாட்டுகளில் சாமி உண்டா?

உ

அன்புள்ள அத்தைக்கு,

நலம். கண்ணுக்குச் சொட்டு மருந்து நாலு வேளையும் போடுகிறீர்களா, அல்லது வழக்கம்போல் சரியாகிவிட்டது என்று நீங்களே தீர்ப்புச் சொல்லி நிறுத்திவிட்டீர்களா? இதைச் சின்னவள் படித்துக் காட்டுவாள். நீங்கள் போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு சிரமப்பட வேண்டாம். மேலே பிள்ளையார் சுழி போட்டிருக்கிறேன், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுவைக்குப் பிறகு எங்கள் வீட்டில் இருந்த பத்து நாளில் ஒரு ராத்திரி, கறுப்புக் கண்ணாடியோடு சோபாவில் உட்கார்ந்து நான் வீடியோ கேம் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். திரையில் சிவப்பு அங்கி போட்ட ஓர் உருவம் மணலில் நடந்துகொண்டிருந்தது. "எங்கடா போறான்?" என்றீர்கள். "அந்த மலைக்கு" என்றேன். "மலையில யாரு இருக்கா?" "தெரியாது அத்தை." கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "இந்த விளையாட்டுல எல்லாம் சாமி உண்டா?" என்று கேட்டீர்கள். நான் "ஏதோ இருக்கு" என்று மழுப்பிவிட்டேன். நாலு நாள் கழித்து ஊருக்குக் கிளம்பிவிட்டீர்கள். நீங்கள் சும்மா கேட்டிருக்கலாம். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சாமி உண்டு அத்தை. தேவைக்கு மேலேயே உண்டு. விளையாடுகிறவனே சாமியாக இருக்கும் ஆட்டங்கள் தனி வகையாகவே இருக்கின்றன. 1989இல் இங்கிலாந்தில் பாப்புலஸ் என்று ஒன்று வந்தது, பீட்டர் மாலினோ செய்தது. நிலத்தை மேட்டாக்கலாம், பள்ளமாக்கலாம். மக்கள் சமதளத்தில் வீடு கட்டிப் பெருகப் பெருக, அவர்கள் பக்தி உங்களுக்குச் சக்தியாக வந்து சேரும். அந்தச் சக்தியை வைத்து எதிரி சாமியின் ஆட்கள் மேல் பூகம்பத்தையும் எரிமலையையும் ஏவலாம். அதே ஆள் 2001இல் பிளாக் அண்ட் ஒயிட் என்று இன்னொன்று செய்தார். அதில் பக்தர்கள் உங்களுக்காகப் பூசைக்களத்தில் ஆடிக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் கவனித்துச் சோறு போடாவிட்டால் ஆடியபடியே பசியில் சாவார்கள். முதல் தடவை எனக்கு அது தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது பாதிப் பேர் விழுந்து கிடந்தார்கள். அன்னதானத்தின் அருமை எனக்குப் புரிந்தது அங்கேதான், சிரிக்காதீர்கள்.

அப்புறம் சிவிலைசேஷன். கற்காலத்திலிருந்து ராக்கெட் காலம் வரை ஒரு நாட்டை ஆளும் ஆட்டம். 2005இல் வந்த நாலாம் பாகத்தில் ஏழு மதங்கள் வைத்தார்கள். இந்து, பௌத்தம், கிறிஸ்தவம், இஸ்லாம், யூதம், கன்பூசியம், தாவோ. யாரையும் புண்படுத்தக் கூடாதென்று ஏழுக்கும் ஒரே பலன். பெயரும் சின்னமும்தான் வேறு. எம்மதமும் சம்மதம் என்பதை இவ்வளவு கச்சிதமாகக் கணக்குப் போட்டு நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அடுத்த பாகத்துக்கு 2012இல் வந்த கூடுதல் தொகுப்பில் நம்பிக்கை என்பதே ஓர் எண்ணாகிவிட்டது. கோயில் கட்டினால் இத்தனை புள்ளி. புள்ளி சேர்ந்தால் ஒரு தீர்க்கதரிசி பிறப்பார், அவரைக் கொண்டு மதம் நிறுவலாம், பெயரும் நாமே வைக்கலாம். நான் முனீஸ்வரன் பெயரில் ஒன்று நிறுவி ரோமாபுரியை மதம் மாற்றியிருக்கிறேன். அப்பாவிடம் சொல்லாதீர்கள்.

உங்களுக்குப் புரிகிறபடி சொன்னால் இதெல்லாம் உண்டியல் கணக்கு. போட்டது இவ்வளவு, வந்தது இவ்வளவு. டிராகன் குவெஸ்ட் என்ற ஜப்பானிய ஆட்டத்தில் கூட்டாளி செத்துப்போனால் தேவாலயத்துக்குப் போய்ப் பூசாரியிடம் காசு கட்ட வேண்டும். எழுப்பிக் கொடுத்துவிடுவார். ஆளின் தகுதி உயர உயரக் கட்டணமும் கூடும். விரைவு தரிசனச் சீட்டு வாங்கிய நமக்கு இதில் அதிர்ச்சி அடைய ஒன்றும் இல்லை.

நம் சாமிகளும் அங்கே வேறு வேடத்தில் திரிகிறார்கள். ஃபைனல் ஃபேன்டஸி வரிசையில் சிவா என்று ஒரு தெய்வம் அழைத்தால் வரும். நீல நிறத்தில் ஒரு பெண், பனிக்கட்டியால் எதிரிகளை உறைய வைப்பாள். கைலாசத்துக் குளிரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று நானாக ஒரு சமாதானம் செய்துகொண்டேன். மார்கழியில் நீங்கள் பாடும் பாட்டிலேயே அவன் பெண்ணாகவும் ஆணாகவும் நிற்கிறானே, இவர்கள் பாதியைத்தான் பார்த்தார்கள். ஸ்மைட் என்ற ஆட்டத்தில் காளியைக் காட்டிய விதத்துக்கு 2012இல் அமெரிக்காவிலிருந்து ஓர் இந்து அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. அரைகுறை உடை ஒரு குறை. விளையாடுகிறவன் தெய்வத்தை ஆட்டிவைக்கிறான் என்பது இன்னொரு குறை. முதல் குறை எனக்கும் உண்டு. இரண்டாவதை ஏற்க முடியவில்லை. தோல்பாவைக்கூத்தில் ராமனைக் குச்சியில் கட்டி ஆட்டியதைப் பார்த்துத்தானே பாட்டி கண்ணீர் விட்டாள்.

ஆனால் அத்தை, நீங்கள் கேட்டது இந்தச் சாமிகளைப் பற்றி இல்லை என்று நினைக்கிறேன். சாமி படம் எங்கும் இருக்கும், காலண்டரிலும் இருக்கிறது. கும்பிடுகிற மனம் அதற்குள் உண்டா என்பதுதானே கேள்வி.

அங்கேதான் சிக்கல். நீங்கள் ரிமோட் என்று சொல்கிற அந்தக் கன்ட்ரோலரை அழுத்தினால் ஏதாவது நடந்தாக வேண்டும். குதிக்க வேண்டும், வெட்ட வேண்டும், கதவு திறக்க வேண்டும். அழுத்தி ஒன்றும் நடக்காவிட்டால் ஆட்டம் கெட்டுப்போயிற்று என்று அர்த்தம். உங்கள் விளக்கு அப்படியா? இத்தனை வருஷமாக ஏற்றுகிறீர்கள், பதிலுக்கு மணி அடித்துப் புள்ளி ஏறியதா? பதில் வராத இடத்தில் நிற்பதைக் காட்டத் தெரியாததால்தான் இந்த ஆட்டங்கள் பக்தியைக் காசாக மாற்றிவிடுகின்றன. இல்லாவிட்டால் மதத்தை வில்லனாக்கிவிடும். 2001இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸியின் பத்தாம் பாகத்தில் யூனா என்ற பெண் கோயில் கோயிலாக யாத்திரை போகிறாள், தன் உயிரைக் கொடுத்தாவது உலகத்தைப் பிடித்த பீடையை ஒழிக்க. கடைசியில் அந்தப் பலிக்கே பயனில்லை, குருபீடம் சொன்னதெல்லாம் பொய் என்று தெரிகிறது. கல்லூரி நாளில் விளையாடியபோது எனக்கு அது பெரிய புரட்சியாகத் தெரிந்தது. இப்போது, மடத்தைத் திட்டுவது எளிது, மடத்துக்கு வெளியே நின்று அழுகிறவளைக் காட்டுவதுதான் கஷ்டம் என்று தோன்றுகிறது.

நடுவே ஒன்று சொல்ல வேண்டும், உங்களுக்குப் பிடிக்கும். பென்டிமென்ட் என்று 2022இல் வந்தது. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஜெர்மனி, பவேரியா மலையோரத்தில் ஒரு மடமும் ஓர் ஊரும். மடத்தில் ஏட்டுக்குச் சித்திரம் எழுத வந்த ஓவியன் ஒரு கொலையைத் துப்பறிகிறான். பேசுவதெல்லாம் திரையில் கையெழுத்தாக எழுதப்படும். துறவிக்கு ஒரு கையெழுத்து, குடியானவனுக்கு ஒன்று, அச்சுக்கூடக்காரருக்கு அச்செழுத்து. பேச்சில் கடவுள் என்ற சொல் வந்தால் பேனா அந்த இடத்தை வெறுமையாக விட்டுத் தாண்டிப் போகும். மற்றதை முடித்துவிட்டுத் திரும்பி வந்து அந்தச் சொல்லை மட்டும் சிவப்பு மையில் எழுதும். பழைய ஏட்டுக்காரர்கள் அப்படித்தான் எழுதினார்கள். பலசரக்குச் சீட்டுக்கும் பிள்ளையார் சுழி போடுகிற உங்கள் கைதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த ஊர்ப் புனிதர்களுக்குக் கீழே இன்னும் பழைய ரோமானியச் சாமிகள் இருப்பதும் கதையில் ஒரு விஷயம். நம் ஊர் எல்லையில் நிற்கிற சாமிகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதில் ஆச்சரியம் வரவில்லை, ஏதோ சொந்தம்தான் வந்தது.

நீங்கள் பார்த்த மலை ஆட்டத்தின் பெயர் ஜர்னி. 2012இல் வந்தது, ஜெனோவா சென் என்பவர் தலைமையில் செய்தது. அதில் பேச்சே இல்லை. வழியில் எப்போதாவது இன்னொரு அங்கிக்காரர் வருவார், உலகத்தின் ஏதோ மூலையில் உட்கார்ந்து விளையாடும் நிஜ ஆள். பெயர் தெரியாது, பேச முடியாது, மணிச் சத்தம் மாதிரி ஓர் ஒலிதான் எழுப்பலாம். செய்து பார்த்த காலத்தில் ஆளை ஆள் தள்ளிவிட முடிந்ததாம். எல்லோரும் துணைக்கு வந்தவரைப் பள்ளத்தில் தள்ளியே பொழுதைப் போக்கியிருக்கிறார்கள். உடம்போடு உடம்பு மோதாதபடி மாற்றிய பிறகு ஒட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்களாம். மனிதன் மாறவில்லை, தள்ளும் வசதி போயிற்று, அவ்வளவுதான்.

நீங்கள் தூங்கப் போன பிறகு வந்த பகுதியைச் சொல்கிறேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பனி. இருவரும் ஒட்டி நடக்கிறோம். நான் கன்ட்ரோலரில் இருக்கும் குச்சியை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறேன், உருவத்தின் நடை தளர்ந்துகொண்டே போகிறது. முழுப் பலத்தோடு தள்ளுகிறேன், ஓர் அடி, அரை அடி. அப்புறம் அடியே இல்லை. விழுந்துவிடுகிறது. திரை வெள்ளையாகிறது. அதன் பிறகு நடப்பது நான் சம்பாதித்தது இல்லை. யாரோ தூக்கிவிடுகிறார்கள். சரணாகதி என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் அது சோம்பேறிகளின் சொல் என்று உங்களோடு சண்டை போட்டிருக்கிறேன். விரல் வலிக்கத் தள்ளிய பிறகு வருவதுதான் அது என்று அன்றைக்குத்தான் பட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தட் டிராகன், கேன்சர் என்று பெயர். அமெரிக்காவில் ரயன் கிரீன், ஏமி கிரீன் என்ற தம்பதி செய்தது. அவர்கள் பிள்ளை ஜோயலுக்கு ஒரு வயதில் மூளையில் புற்றுக்கட்டி. சில மாதம்தான் என்று டாக்டர்கள் சொன்னார்கள், பிள்ளை நாலு வருஷம் இருந்தான். அவன் உயிரோடு இருக்கும்போதே ஆட்டத்தைச் செய்ய ஆரம்பித்தார்கள். 2014 மார்ச்சில், ஐந்து வயதில் அவன் போய்விட்டான். ஆட்டம் 2016இல் வந்தது. இருவரும் தீவிரமான கிறிஸ்தவர்கள். பிள்ளை பிழைத்துவிடுவான் என்று அம்மா உறுதியாக நம்புகிறாள், அப்பாவால் அப்படி நம்ப முடியவில்லை. அவர் கடலுக்குள் மூழ்கிக்கொண்டே போகிற மாதிரி ஒரு காட்சி வரும். மேலே நீந்த அவருக்கே மனம் இல்லை.

அதில் ஆஸ்பத்திரி அறையில் ஒரு ராத்திரி. பிள்ளை அழுகிறான். தாகம், ஆனால் எதைக் குடித்தாலும் நிற்கவில்லை, வாந்தி. நாம் அப்பாவாக அந்த அறைக்குள் இருக்கிறோம். அங்கே கிளிக் செய்கிறோம், இங்கே கிளிக் செய்கிறோம். எதுவும் பலிக்கவில்லை. அழுகை நிற்கவில்லை. எனக்குச் சத்தத்தைக் குறைத்துவிடலாம் என்று தோன்றியது, குறைக்கவும் மனம் வரவில்லை. கடைசியில் அப்பா பிரார்த்தனை செய்கிறார். அழுகை அடங்குகிறது. பிரார்த்தனையால்தான் அடங்கியதா, களைத்து அடங்கியதா என்று ஆட்டம் சொல்லவில்லை.

இதிலும் கடைசியில் சொர்க்கம் மாதிரி ஓர் இடம் வருகிறது. பிள்ளை சந்தோஷமாக உட்கார்ந்து பலகாரம் தின்கிறான். எனக்கு அந்தக் காட்சி ஒட்டவில்லை. ஆனால் அது அவர்கள் பிள்ளை. ஒட்டவில்லை என்று சொல்ல நான் யார் என்றும் தோன்றியது.

மாமா கிடந்த ஆறு வாரமும் நீங்கள் வராந்தாவில் சகஸ்ரநாமம் படித்துக்கொண்டிருந்தீர்கள். அவர் போன மறுநாள் சாயங்காலமும் யாரையோ விட்டு விளக்கேற்றச் சொன்னீர்கள். எனக்கு அன்று உங்கள் மேல் கோபம் வந்தது. ஏன் என்று கேட்கத் தைரியம் இல்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. அந்த ஆஸ்பத்திரி அறைக் காட்சியை முடித்துவிட்டுக் கன்ட்ரோலரைக் கீழே வைத்தபோது அந்த வராந்தாதான் கண்ணில் வந்தது, அவ்வளவு சொல்கிறேன்.

வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிக்க நீங்கள் எங்களை உட்கார்த்தி வைத்துப் பரமபதம் ஆடியதும் ஒரு சாமி விளையாட்டுத்தான். அதில் திறமைக்கு இடமே இல்லை. ஏணியும் பாம்பும் முன்பே வரைந்தாயிற்று. "உருட்டுறதுதான் நம்ம கையில, விழறது அவன் கையில" என்பீர்கள். மேலே வைகுண்டத்துக்குக் கொஞ்சம் கீழே வாயைத் திறந்துகொண்டிருக்கும் அந்தப் பெரிய பாம்பிடம் நான் மூன்று முறை கடிபட்டு அழுதிருக்கிறேன். இந்த ஆட்டங்களைச் செய்தவர்கள் எத்தனையோ கோடி செலவழித்துச் செய்ததை நீங்கள் ஒரு துணியில் விரித்துவிட்டீர்கள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் மாமா போனதிலிருந்து நீங்கள் அதை எடுக்கவே இல்லை.

படம் பரணில் அந்தத் தகரப் பெட்டியில்தானே இருக்கிறது? இந்த ஏகாதசிக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிடுகிறேன். தாயக்கட்டையில் ஒன்றைக் காணோம் என்று சொன்னீர்கள். இங்கே பாத்திரக் கடையில் பித்தளையில் ஒரு ஜோடி பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கி வருகிறேன். சோழி வேண்டாம் அத்தை. சோழி என்றால் நீங்கள் அழுகுணி ஆட்டம் ஆடுவீர்கள் என்று மாமா சொல்வார்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்