ராஜினாமா என்று எழுதிக் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் வேலை பார்த்த கிடங்கில் சமீபத்தில் ஆட்குறைப்பு நடந்தது. கடைசி நாளில் ஒரு தாளை நீட்டி, இதில் கையெழுத்துப் போட்டால் பணம் சீக்கிரம் வரும் என்றார்கள். "என் சொந்த விருப்பத்தில் வேலையை விடுகிறேன்" என்று அதில் இருந்தது. நான் போடவில்லை. ஆனால் கூட வேலை பார்த்த பலர் போட்டுவிட்டார்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் ஒரு தங்கச்சியும் அதில் உண்டு, அவளை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

தானாக வேலையை விட்டவருக்கு யு.ஐ.எஃப். என்ற தென்னாப்பிரிக்க வேலையின்மைக் காப்பீட்டு நிதியின் வேலையில்லாப் பணம் கிடையாது. இது அரசாங்கம் போடும் பிச்சை இல்லை. மாதாமாதம் நம் சம்பளத்தில் 1 சதவீதம் பிடித்து, முதலாளி தன் பங்குக்கு 1 சதவீதம் சேர்த்துக் கட்டிய காப்பீடு. அந்த ஒரு கையெழுத்தில் அத்தனையும் போகிறது. அதுவும் ஒருவரை மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய கையெழுத்து என்றால், வேலை போன 30 நாளுக்குள் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையமான சி.சி.எம்.ஏ.-வில் புகார் கொடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

ஆட்குறைப்பு என்றால் முதலாளி முதலில் எழுத்து மூலம் அறிவித்து, காரணத்தைச் சொல்லி, ஊழியர்களோடு பேச வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவருக்கு 4 வார நோட்டீஸ், அப்புறம் முழுதாக முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம். வெளியே வரும்போது, யு.ஐ.எஃப்.-க்காக முதலாளி நிரப்பித் தரும் யு.ஐ.-19 படிவத்தைக் கையோடு கேட்டு வாங்குங்கள். வேலை போன காரணம் என்று அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அங்கேயே நின்று பாருங்கள், ஏனென்றால் யு.ஐ.எஃப். அதிகாரி பார்ப்பது அதைத்தான். சர்வீஸ் சான்றிதழும் கேளுங்கள், அது உங்கள் உரிமை, அடுத்த வேலை தேடும்போது கையில் இருக்கட்டும்.

யு.ஐ.எஃப். பணத்துக்கு வேலை போன 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தொழிலாளர் துறை அலுவலகமான லேபர் சென்டரிலும் கொடுக்கலாம், யுஃபைலிங் என்ற இணையதளம் வழியாக வீட்டிலிருந்தும் செய்யலாம். வாங்கிய சம்பளத்தில் 38 முதல் 60 சதவீதம் வரை கிடைக்கும், சம்பளம் குறைந்தவருக்குச் சதவீதம் கூடும். போதுமான காலம் கட்டியிருந்தால் 365 நாள் வரை நீளும், ஆனால் 238 நாளுக்குப் பிறகு 20 சதவீதம்தான், ஆகவே வீட்டுச் செலவை முதல் மாதத்திலிருந்தே அதற்கேற்பப் பாருங்கள். நடுவில் வேலை கிடைத்தால் உடனே சொல்லிவிடுங்கள், மறைத்து வாங்கிய பணத்தைப் பிறகு திருப்பிக் கட்ட வைப்பார்கள்.

இன்னொன்று. வேலை வாங்கித் தருகிறேன், பதிவுக் கட்டணம் அனுப்பு என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி ராண்டைக் கொடுக்காதீர்கள். வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2014-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. தொழிலாளர் துறையின் வேலை தேடுவோர் பதிவுக்கும் ஒரு காசு கிடையாது.

நம் வீடுகளில் தமிழ் வாசிப்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள், வேலை போவது பிள்ளைகளுக்கு. ஆகவே தாத்தா பாட்டிமார் இதை அவர்களுக்குச் சத்தமாக வாசித்துச் சொல்லுங்கள். சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டொங்காட் பக்கத்துக் கோயில் கமிட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: சனிக்கிழமை காலையில் மண்டபத்தில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர் போடுங்கள். படிவம் நிரப்பத் தெரிந்த இளைஞர்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். எந்தக் கோயில் முதலில் தொடங்கினாலும் உதவிக்கு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன்