கோரிக்கை மனு: எங்கள் கொட்டாயைத் தனியாக எண்ணிக் கணக்கில் காட்டுங்கள்

அனுப்புநர்:
கொட்டாய்க் குடியிருப்புப் பொதுமக்கள் சார்பாக,
மகளிர் சுய உதவிக் குழுவினர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் மற்றும் மாவட்ட முதன்மைக் கணக்கெடுப்பு அலுவலர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: குக்கிராமத்தின் மக்கள் தொகை, குடும்பங்கள், வீடுகள் ஆகியவற்றைத் தனியாகக் கணக்கெடுக்கவும், குடிசைப் பட்டியலை நேரில் சரிபார்க்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் கொட்டாயில், அதாவது எங்கள் குக்கிராமத்தில், எத்தனை பேர் இருக்கிறோம்? இந்த ஒரு கேள்விக்கு எந்த அலுவலகத்திலும் பதில் கிடைக்கவில்லை. வருவாய்க் கிராமத்துக்குக் கணக்கு இருக்கிறது, ஊராட்சிக்கு இருக்கிறது. ரேஷன் கடையில் கேட்டால் கடைக்கு உட்பட்ட மொத்தக் கார்டுகளைச் சொல்கிறார்கள். வாக்காளர் பட்டியலில் எங்கள் பெயர்கள் பக்கத்துக் கொட்டாய்க்காரர்களின் பெயர்களோடு கலந்து கிடக்கின்றன. எல்லாப் பட்டியலிலும் நாங்கள் இருக்கிறோம், ஆனால் ஓர் ஊராக எதிலும் இல்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் கொட்டாய் என்று முடியும் ஊர்ப்பெயர்களைத் தாங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். காட்டில் பயிர்க் காவலுக்குப் போட்ட கொட்டகை, அப்புறம் பிள்ளைகள் கல்யாணமாகித் தனித்தனி வீடாகி, ஒரு மாரியம்மன் கோயிலும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வந்து ஊரானது. தாய்க்கிராமத்திலிருந்து எட்டி, நிலத்தை ஒட்டியே இருக்கும் ஊர் எங்களுடையது. தமிழ்நாட்டில் 12,500 அளவிலான கிராம ஊராட்சிகளில் 79,000-க்கும் மேற்பட்ட குக்கிராமங்கள் இருப்பதாக ஊரக வளர்ச்சித் துறையே கணக்குச் சொல்கிறது. ஓர் ஊராட்சிக்குச் சராசரியாக ஆறு குக்கிராமங்கள். ஆனால் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு வெளியிடும் ஊரகப் புள்ளிவிவரத்தில் கடைசி அலகு வருவாய்க் கிராமம்தான். அதற்குக் கீழே இருக்கும் கொட்டாய்களின் ஆட்கள் தாய்க்கிராமத்தின் எண்ணிக்கையில் கரைந்துபோகிறார்கள்.

இது வெறும் பெயர்ப் பிரச்சினை இல்லை. எண்ணிக்கையை வைத்துத்தான் எல்லாமே வருகிறது. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தின் நான்காம் கட்டத்தில், சமவெளியில் 500 பேருக்கு மேல் உள்ள, சாலை இணைப்பில்லாத குடியிருப்புகளுக்குத்தான் சாலை. அந்த 500 என்பதும் 2011 கணக்கெடுப்பின்படி. அங்கன்வாடிக்கும் அப்படித்தான்: 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம், 150 முதல் 400 பேருக்கு ஒரு குறு மையம் என்பது விதி. குடியிருப்புக்கென்று தனி எண்ணிக்கை இல்லாதபோது, அந்த வரம்புக்கு மேலே இருக்கிறோமா கீழே இருக்கிறோமா என்று யார் சொல்வது? நாங்கள் கேட்டால் "உங்கள் ஊரில் அவ்வளவு பேர் இருக்க மாட்டார்கள்" என்று ஒருவர் சொல்கிறார், இன்னொருவர் "இருக்கலாம்" என்கிறார். பிள்ளைகளோ வரப்பு வழியே நடந்து தாய்க்கிராமத்து மையத்துக்குப் போகிறார்கள். மழை பெய்தால் போவதில்லை.

சரி, ஆட்கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். குடும்பக் கணக்கு அதைவிடச் சிக்கலாக இருக்கிறது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

எங்கள் தெருவில் கிழக்குப் பார்த்த வீடு ஒன்று இருக்கிறது. மண்சுவர், முன்பக்கம் தகரச் சீட்டு, பின்பக்கம் தென்னங்கீற்று. கீற்று ஒழுகுவதால் அதன்மேல் பழைய பிளெக்ஸ் பேனரை விரித்துக் கல் வைத்திருக்கிறார்கள். வாசல் ஒன்றுதான். உள்ளே போனால் இடதுபுறம் மூத்த மகன் குடும்பம் கேஸ் அடுப்பு வைத்திருக்கிறது. வலதுபுறம் இளைய மகன் குடும்பம். நடுவில் ஒரு சேலையைக் கட்டித் தடுப்பு. பின்கட்டில் மூன்று கல் கூட்டி, சுள்ளி எரித்து, கிழவியம்மா தனக்கென்று ஒரு பானையில் களி கிளறுகிறார். ஏன் ஆயா தனியாக ஆக்குகிறாய் என்று கேட்டால், "அவங்களுக்கே பத்தல, நான் எதுக்கு பாரம்" என்கிறார். முன்பு ஒரு கணக்குக்கு வந்தவர் வாசலில் வண்டியை நிறுத்தி, ஒரு வீடு, ஒரு குடும்பம், சீட்டுக் கூரை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். இறங்கி உள்ளே பார்க்கவில்லை.

மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் விதியே தெளிவாக இருக்கிறது. வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, ஒரே சமையலில் சாப்பிடுபவர்கள்தான் ஒரு குடும்பம். அப்படிப் பார்த்தால் அந்தக் கூரைக்கு அடியில் மூன்று குடும்பங்கள். அதில் ஒன்று, தனியாக வாழும் வயதான பெண் ஒருவரே குடும்பத் தலைவராக இருக்கும் குடும்பம். ஒன்று என்று எழுதினால், அந்த வீட்டில் இடநெருக்கடி இருப்பதும் தெரியாது, விறகில் சமைக்கும் ஆள் இருப்பதும் தெரியாது, ஆதரவில்லாத முதியவர் இருப்பதும் தெரியாது. எழுதியவருக்கு அரை நிமிடம் மிச்சம். அந்தம்மாவுக்கு அடுத்த பத்து வருடம் நட்டம்.

அப்புறம் கூரை. 2024-25-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில், 2030-க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்று அரசு அறிவித்தது. எட்டு லட்சம் குடிசைகளை மாற்ற வேண்டும், ஒரு வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய், 360 சதுர அடி. நல்ல திட்டம். அதை நம்பித்தான் இருக்கிறோம். ஆனால் மேலே சொன்ன வீட்டைப் போன்றவை எங்கள் கொட்டாயில் நிறைய. பாதி கீற்று, பாதி சீட்டு. கீற்று மாற்றக் காசில்லாமல், ஒவ்வொரு மழைக்கும் ஒரு சீட்டு கடன் வாங்கிப் போட்டவர்கள். சாலையிலிருந்து பார்த்தால் சீட்டு தெரியும், கீற்று தெரியாது. மழைக்குப் பயந்து நான்கு தகரம் வாங்கிப் போட்டதே அவர்களைக் குடிசைப் பட்டியலிலிருந்து தள்ளிவிட்டது. சுவர் மண்ணா, சுடாத பச்சைக் கல்லா, தரை சாணம் மெழுகியதா என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது எந்த மாதிரி வீடு என்று தெரியும். இதோடு பட்டா சிக்கலும் இருக்கிறது. தாத்தா பெயரில் இருக்கும் கூட்டுப் பட்டாவில் பேரன்கள் வீடு கட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு வீடு கேட்கும் தகுதியே வருவதில்லை. அதற்குத் தனியாக மனு தருகிறோம்.

இப்போது எங்களை அவசரப்படுத்துவது 2027 கணக்கெடுப்பு. 2021-ல் நடக்க வேண்டியது தள்ளிப்போய், பதினாறு வருடத்துக்குப் பிறகு நடக்கிறது. முதல் கட்டமான வீட்டுப் பட்டியல் பணி, 2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் ஒவ்வொரு மாநிலமும் குறிக்கும் முப்பது நாட்களில் என்று அறிவித்திருக்கிறார்கள். மொத்தம் 33 கேள்விகள். தரை, சுவர், கூரை எதனால் ஆனது, எத்தனை அறை, எத்தனை தம்பதியர், குடிநீர் எங்கிருந்து, கழிப்பறை, கழிவுநீர் எங்கே போகிறது, எந்த எரிபொருள், பிரதானமாக உண்ணும் தானியம் எது என்று எல்லாம் இருக்கிறது. எங்கள் வாழ்க்கையே அந்த 33 கேள்விக்குள் வந்துவிடும், கேட்பவர் பொறுமையாகக் கேட்டால்.

குடிநீர்க் கேள்வியை மட்டும் சொல்கிறேன். தெருவில் குழாய் இருக்கிறதா என்றால் இருக்கிறது. அதில் ஆற்றுத் தண்ணீர் வரும் நாளும் உண்டு, போர்வெல் தண்ணீர் வரும் நாளும் உண்டு. நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பதற்காகத்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பல்லில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் "குழாய் இருக்கிறதா" என்று கேட்டு முடித்துவிடாமல், "வருடத்தில் பெரும்பாலும் எதைக் குடிக்கிறீர்கள்" என்று கேட்டால்தான் உண்மை வரும். குழாய்க்கு எத்தனை தூரம் என்பதும் அப்படியே. ஊரகத்தில் 500 மீட்டருக்குள் என்றால் அருகில், அதைத் தாண்டினால் தொலைவில் என்பது 2011-ல் இருந்த கணக்கு. கடைசி வீட்டுப் பெண்ணிடம் கேட்காமல், முதல் வீட்டு வாசலில் நின்று எல்லாருக்கும் ஒரே பதிலை எழுதிவிடக் கூடாது.

இரண்டாம் கட்டத்தைப் பற்றித்தான் எங்களுக்குப் பெரிய பயம். ஆட்களை எண்ணும் வேலை 2027 பிப்ரவரியில், மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து. தை பிறந்ததும் எங்கள் ஊரில் பாதி வீடு பூட்டிவிடும். குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போகிறார்கள். முன்பணம் வாங்கியாகிவிட்டது, போகாமல் இருக்க முடியாது. ஆனி மாதத்தில்தான் திரும்பி வருவார்கள். எண்ணும் நாட்கள் முழுவதும் ஊரில் இல்லாதவரை ஊரில் எழுத மாட்டார்கள், எங்கே இருக்கிறாரோ அங்கே எழுதுவார்கள் என்பது கணக்கெடுப்பின் வழக்கம். அதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சூளைக்குள் யாராவது போய் எண்ணினார்களா என்பதுதான் கேள்வி. சூளை ஓரத்தில் அடுக்கிய பச்சைக் கல்லின் மேல் ஓலை போட்டுத் தங்கும் குடும்பத்தை வீடு என்று எவரும் நினைக்காவிட்டால், அவர்கள் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. போன தடவை எங்களில் பலர் யாரிடமும் பெயர் சொன்னதாக நினைவில்லை.

ஆகவே தங்களிடம் நாங்கள் கேட்பது இவைதான்.

கணக்கெடுப்பாளர் வரையும் இட அமைப்பு வரைபடத்தில் எங்கள் கொட்டாயின் பெயரை எழுதி, வீடுகளைத் தொடர் எண்ணாக, தாய்க்கிராமத்தோடு கலக்காமல் குறிக்கச் சொல்லுங்கள். வயலுக்குள் இருக்கும் ஒற்றை வீடுகள் விட்டுப்போகாமல் இருக்க, தலையாரியோ எங்கள் குழுப் பெண் ஒருவரோ கூட நடந்து வழிகாட்டுகிறோம். பதில்களைக் கேட்க நிற்க மாட்டோம், வழி மட்டும் காட்டுவோம். அடுப்பை வைத்துக் குடும்பத்தை எண்ண வேண்டும் என்பதைப் பயிற்சியில் அழுத்திச் சொல்லுங்கள். பூட்டிய வீட்டைக் காலி வீடு என்று எழுதாமல், ஆள் வாழும், பூட்டியிருக்கும் வீடு என்று எழுத வேண்டும். சூளைகள் உள்ள மாவட்டங்களின் ஆட்சியர்களுக்குத் தாங்கள் ஒரு கடிதம் எழுதினால், பிப்ரவரியில் எங்கள் ஆட்கள் அங்கே எண்ணப்படுவார்கள். எந்தெந்தப் பகுதிச் சூளைகளுக்கு எங்கள் ஊர்க் குடும்பங்கள் போகின்றன என்ற விவரத்தை நாங்கள் தருகிறோம்.

கணக்கெடுப்பில் சொல்லும் தனிநபர் விவரம் ரகசியம் என்பதும், 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் காக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். அதனால் அந்தப் படிவங்களை நாங்கள் கேட்கவில்லை. அதற்குப் புறம்பாக, வட்டார வளர்ச்சி அலுவலர் மூலம் குடியிருப்பு வாரியாக ஒரு சிறு கணக்கு எடுக்கச் சொல்லுங்கள். இத்தனை வீடு, இத்தனை அடுப்பு, ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இத்தனை, தனியாக வாழும் முதியவர் இத்தனை, கீற்று, சீட்டு, ஓடு, தளம் என்று கூரைகள் இத்தனை. பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அதை அடுத்த கிராம சபையில் வாசித்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைத்தால், தவறு இருந்தால் அங்கேயே எழுந்து சொல்லிவிடுவோம்.

குடிசைப் பட்டியலில் விடுபட்ட வீடுகளை ஒருமுறை நேரில், உள்ளே வந்து பார்க்க ஒரு பொறியாளரை அனுப்புங்கள். மழைக்காலத்துக்கு முன்பு வந்தால் நல்லது. மழைக்காலத்தில் வந்தால் இன்னும் நல்லது, ஒழுகுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

எங்கள் குழுவைச் சேர்ந்த மூன்று பேர் பத்து நாள், வேலை முடிந்து வந்து, வீடு வீடாகப் போய் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதியிருக்கிறோம். யார் வீட்டில் எத்தனை அடுப்பு என்று உள்ளே போய்ப் பார்த்தே எழுதினோம். சில வீட்டில் கேட்கவே சங்கடமாக இருந்தது, அவர்களும் சொல்லக் கூச்சப்பட்டார்கள். கழிப்பறை கட்டியும் தண்ணீர் இல்லாமல் விறகு அடுக்கி வைத்திருப்பதை ஒருவர் மறைக்கப் பார்த்தார். திட்டுவதற்கு வரவில்லை அண்ணா என்று சொன்ன பிறகுதான் கதவைத் திறந்தார். அந்த நோட்டின் நகலை இணைத்திருக்கிறோம். அதைச் சரியென்று ஏற்கச் சொல்லவில்லை. கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சிச் செயலரும் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் எங்கள் தெருவில் நடந்து, சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அவர்கள் வரும் நாளை முந்தைய நாளே சொல்லிவிட்டால், நாங்கள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்போம்.

இணைப்பு: வீடுவாரிக் கணக்கு நோட்டின் நகல், கையால் வரைந்த தெரு வரைபடம், குடியிருப்பு மக்களின் கையொப்பங்களும் பெருவிரல் ரேகைகளும்.

நகல்: வட்டாட்சியர் அவர்கள், வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்கள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
கொட்டாய்க் குடியிருப்புப் பொதுமக்கள்