முருங்கைக்கீரையை நிறுத்திய அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

சின்னாளப்பட்டியில் 26 வருஷமாக ஜாக்கெட் தைக்கிறவள் எழுதுகிறேன். 2023 தீபாவளிக்கு என்னிடம் துணி கொடுத்துவிட்டு, பழைய ஜாக்கெட்டோடு தீபாவளி கொண்டாடியவர்கள் 11 பேர். ஒருத்தர்கூட வாசலில் நின்று சத்தம் போடவில்லை. முதல் நன்றி அவர்களுக்கு.

அந்த வருஷம் எனக்கு என்ன நடந்தது என்று பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது. கால் மெஷினில் ஒரு கை தைப்பதற்குள் கால் நின்றுவிடும். மொட்டை மாடிக்குத் துணி காயப்போட ஏறினால் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவேன். நெஞ்சு படபடவென்று அடிக்கும், சித்திரை வெயிலிலும் கை சில்லென்று இருக்கும். ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தாலும் அப்போதுதான் வேலை முடித்துப் படுத்த மாதிரி இருக்கும். "வயசாகுதில்ல", "தூரம் நிக்கிற நேரம்", "உனக்கென்ன, பாக்க நல்லாத்தானே இருக்க" என்றார்கள். கடைசியாகச் சொன்னதுதான் ரொம்ப வலித்தது. நான் போய்க்கொண்டிருந்த டாக்டர் ஒரு வருஷம் இரும்பு மாத்திரையும் டானிக்கும் எழுதிக் கொடுத்தார். ரத்தத்தில் கிட்னி உப்பு பார்க்கச் சொல்லி ஒரு தடவைகூடச் சீட்டு எழுதவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. நன்றி மடலில் அதற்கு இதற்கு மேல் இடம் வேண்டாம்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக பிரஷர் பார்க்க வரும் பொண்ணு ஒருநாள் என் கையில் பட்டையைக் கட்டிவிட்டு, இரண்டாவது தடவையும் கட்டிப் பார்த்தாள். 190க்கு 110. "அக்கா, அசதின்னு சொன்னீங்களே, எத்தனை மாசமா?" என்று கேட்டாள். நான் சொன்ன அசதியை நம்பிய முதல் ஆள் அவள்தான். என்னைக் கையோடு ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனதும் அவளே. கிட்னி உப்பான கிரியாட்டினின் 9, ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 6.2. இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன என்றார்கள்.

திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் வாரம் 3 நாள், தடவைக்கு 4 மணி நேரம் டயாலிசிஸ். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில்தான் நடக்கிறது. அங்கே இருக்கிற சிஸ்டர் நான் தையல்காரி என்று தெரிந்ததும் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். ரத்தம் தைக்கிற டைலர் எலும்பு மஜ்ஜை. அதற்கு ஆர்டர் அனுப்புவது கிட்னி. கிட்னி படுத்துவிட்டதால் ஆர்டரே வரவில்லை, டைலர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். எரித்ரோபொய்ட்டின் ஊசிதான் அந்த ஆர்டர். ஆனால் ஆர்டர் வந்தால் போதுமா, துணி வேண்டாமா? இரும்புச் சத்துதான் துணி. அதனால்தான் டயாலிசிஸ் ஓடும்போதே இரும்பு மருந்தும் ஏற்றினார்கள்.

அப்படியும் இரண்டு மாசம் 7ஐத் தாண்டவில்லை. உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு நிறைய இருக்கிறது, ரத்தம் மட்டும் ஊறவில்லை. டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்டிருந்த குழாயில் கிருமி சேர்ந்திருந்தது. "பீரோ நிறைய துணி இருக்கு, காய்ச்சல் சாவியை எடுத்து ஒளிச்சு வச்சிருக்கு" என்றார் சிஸ்டர். குழாயை எடுத்து, அதற்குப் பதிலாகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த ஃபிஸ்டுலா தயாரான பிறகுதான் அளவு ஏறியது. மூன்று மாசத்தில் 10.4. மாடிப்படியை நிற்காமல் ஏறிய அன்று அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

"ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்திட்டா போச்சு" என்று எங்கள் வீட்டுக்காரர் முதல் சொந்தக்காரர்கள் வரை வரிசையில் நின்றார்கள். தம்பி கிட்னி தர முன்வந்திருக்கிறான், அடுத்தவர் ரத்தம் ஏற்ற ஏற்ற உடம்பில் எதிர்ப்பு வளர்ந்து நாளைக்கு அவன் கிட்னி பொருந்தாமல் போகலாம், உயிருக்கு அவசரம் என்றால் மட்டும் ஏற்றலாம் என்று டாக்டரம்மா உட்கார வைத்துச் சொன்னார். "அப்ப ஊசியைக் கூட்டிப் போட்டு 14க்குக் கொண்டு போங்க" என்று இவர் கேட்டதற்கு, அவ்வளவு ஏற்றினால் பக்கவாதம், ரத்தக்கட்டு வரும் என்று அதையும் பொறுமையாகவே சொன்னார்.

எதிர்வீட்டு அக்கா ரத்தம் ஊறட்டும் என்று தினமும் முருங்கைக்கீரைச் சாறு, பேரீச்சம்பழம், மாதுளை கொண்டு வருவார். பாசத்தை எப்படி வேண்டாம் என்பது? குடித்தேன். அதில் இருக்கிற பொட்டாசியத்தைக் கிட்னியால் வெளியேற்ற முடியாமல், ரத்தத்தில் அது 6.4க்குப் போய்விட்டது. இதயமே நின்றுவிடும் அளவு அது என்று வார்டில் எல்லோரும் பதறினார்கள். அக்காவிடம் சொன்னபோது முகம் சுருங்கியது. நாலு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டிச் சமைத்த பொரியலோடு வந்தார். ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்! அக்கா, அந்தப் பொரியலில் ருசியே இல்லை. இருந்தாலும் ஒரு நாளும் மிச்சம் வைத்ததில்லை.

என் அண்ணன் மகள் பி.பார்ம். படிக்கிறாள். ஊசி வந்த கதையை அவள்தான் சொன்னாள். ஜப்பானில் மஜ்ஜை வேலை செய்யாத நோயாளிகளின் சிறுநீரில் இந்த எரித்ரோபொய்ட்டின் நிறைய இருந்ததாம். தகாஜி மியாகே என்பவர் 2,550 லிட்டர் சேர்த்து, வற்றவைத்து, பட்டுத்துணியில் மூட்டையாகக் கட்டி, 1975 கடைசியில் சிகாகோவில் யூஜீன் கோல்ட்வாசர் என்கிற ஆராய்ச்சியாளரிடம் கொடுத்தாராம். 1977இல் அதைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தார்கள். 1989இல் அமெரிக்காவில் ஊசிக்கு அனுமதி கிடைத்தது. பட்டும் சுங்குடியும் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த மூட்டைத்துணி என்ன நிறம் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றியது. பேர் தெரியாத அந்த ஜப்பான் நோயாளிகளுக்கும் என் கும்பிடு.

ஊசி சூடு படக்கூடாது, உறையவும் கூடாது. அதை ஐஸ் பெட்டியில் வைத்து வாங்கி வரும் ஆட்டோக்காரத் தம்பி, டயாலிசிஸ் முடிந்து வரும்போது பாட்டையும் பேச்சையும் நிறுத்திவிடுவார். ரத்தம் ஏறினாலும் அன்றைய அசதி போவதில்லை; துவைத்துப் பிழிந்த துணி மாதிரிதான் வருவேன். அவருக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் மெஷினுக்கு மோட்டார் வாங்கிப் போட்ட மகளிர் குழுவுக்கும், ஊக்கும் கைத்தையலும் தன் வேலையாக எடுத்துக்கொண்ட மருமகளுக்கும் என்ன சொல்ல? வெட்டுவது காலையில், தைப்பது சாயங்காலம், நடுவில் படுக்கை என்று என் நாளை அளவெடுத்துக் கொடுத்தவளும் மருமகள்தான்.

இந்தத் தீபாவளிக்கு ஆர்டர் எடுக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு ஜாக்கெட்தான். திங்கள், புதன், வெள்ளி துணி கொண்டு வரவேண்டாம், தூங்கிக்கொண்டிருப்பேன். அந்த 11 பேருக்குத் தையற்கூலி கிடையாது.