பொகவந்தலாவைத் தோட்டக் குடியிருப்புகளின் குழாய் நீரைப் பரிசோதித்துப் பாதுகாக்கக் கோரும் மனு

மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
நுவரெலியா.

விடயம்: தோட்ட லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) வரும் குழாய் நீரை ஒழுங்காகப் பரிசோதித்தலும் அதற்குப் பொறுப்பாளர் ஒருவரை நியமித்தலும்

மதிப்பிற்குரிய மாவட்டச் செயலாளர் அவர்களுக்கு,

பொகவந்தலாவைக்கு மேலே, கெசல்கமுவ ஓயாவில் போய்ச் சேரும் ஓடைகள் பிறக்கிற சரிவில் இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். மேல் டிவிசனிலும் கீழ் டிவிசனிலும் குடியிருக்கும் நாங்கள் கூடிப் பேசி இந்த மனுவை எழுதுகிறோம். தோட்டத்தின் பெயர், கையொப்பங்கள், தொடர்பு விவரம் எல்லாம் இணைப்புத் தாளில் உள்ளன.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். புதுக் குழாய் கேட்டு நாங்கள் வரவில்லை. குழாய் இருக்கிறது. ஒவ்வொரு லயத்துக்கும் பொதுக் குழாய் உண்டு. வசதிப்பட்டவர்கள் தங்கள் வீட்டுக் காம்பராவுக்குள்ளேயும் இழுத்துக்கொண்டார்கள். கணக்கெடுக்க வருகிறவர்கள் தண்ணீர் எதிலிருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்பார்கள். குழாயில் என்போம். சரி என்று குறித்துக்கொண்டு அடுத்த காம்பராவுக்குப் போய்விடுவார்கள். அந்தத் தண்ணீர் குடிக்க உகந்ததா என்று இதுவரை யாரும் எங்களிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் எங்களுக்குப் பதில் தெரிந்திருக்காது. அந்தப் பதிலைத்தான் இப்போது உங்களிடம் கேட்கிறோம்.

தண்ணீர் வரும் வழி இதுதான். தோட்டத்து உச்சியில், காட்டு ஓரத்தில் ஓர் ஊற்று. அதை மறித்து அந்தக் காலத்திலேயே சிறு தொட்டி கட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து கறுப்புக் குழாயில் இறங்கி, மேல் டிவிசனுக்குப் பின்னால் உள்ள சீமெந்துத் தாங்கியில் விழுந்து, லயங்களுக்குப் பிரிகிறது. பம்பு வேண்டாம், கரண்ட் பில் வேண்டாம், மலையே தள்ளிவிடுகிறது. இவ்வளவு சுலபமாகத் தண்ணீர் கிடைக்கும் இடம் நாட்டில் அதிகம் இருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஊற்றுக்கு மேலேயே இப்போது மரக்கறிப் பாத்திகள் வந்துவிட்டன. கோழி எரு கொட்டுகிறார்கள், மருந்து அடிக்கிறார்கள். அந்தச் சரிவில்தான் மாடுகளும் மேய்கின்றன. மழை பெய்தால் அத்தனையும் தொட்டிக்குத்தான் வர வேண்டும். பாத்தி போட்டவர்கள் வேறு யாருமல்ல, எங்கள் ஆட்கள்தான். தோட்டச் சம்பளம் போதாமல் போட்டிருக்கிறார்கள். அவர்களைத் துரத்தும்படி நாங்கள் கேட்கவில்லை. ஊற்றைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்குப் பயிர் ஆகாது என்று அதிகாரி ஒருவர் வந்து எல்லை காட்டினால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். தாங்கியின் மூடி உடைந்து நெடுநாளாகிறது. தகரத்தைப் போட்டுக் கல் வைத்திருக்கிறோம். குரங்குக் கூட்டம் வந்தால் அது எங்கே நிற்கப்போகிறது!

தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் குழாயில் பிளேன்டீ நிறத்தில் தண்ணீர் வரும். அதைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலே துணியில் வடித்து, கொதிக்கவைத்துக் குடிப்போம். கவனிக்கப்படாமல் போவது தை, மாசி, பங்குனி மாதங்களின் தெளிந்த தண்ணீர். அந்த மாதங்களில் ஊற்று சுருங்கிவிடும். காலையில் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு அடைத்துவிடுவார்கள். குழாய் நிறைந்து ஓடும்போது எங்காவது வெடிப்பு இருந்தால் தண்ணீர் வெளியே கசியும், அவ்வளவுதான். அடைத்த பிறகு குழாய் வடியும்போது உள்ளே இழுவை உண்டாகிறது. அதே வெடிப்பின் வழியாக வெளியே இருப்பதை அது உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் குழாயோ லயத்துக் கானுக்குள்ளேயே கிடக்கிறது. கானில் ஓடுவது குளித்த தண்ணீர், பிள்ளைகளின் துணி அலசிய தண்ணீர், நிரம்பிய மலசலகூடக் குழியின் கசிவு. மறுநாள் விடியற்காலையில் முதல் குடம் வைக்கிறவருக்கு அதுவும் சேர்ந்துதான் கிடைக்கிறது. நிறத்திலும் வாசத்திலும் ஒன்றும் தெரியாது. மணிக்கணக்கு வைத்துத் தண்ணீர் விடும் தென்னாசிய நகரங்களிலும் இதே கோளாறு உண்டு. அதனால் இது தோட்டத்துக்காரரின் சுத்தக்குறைவு என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம்.

நோய் வருத்தத்தைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. மழை தொடங்கினால் பிள்ளை மடுவத்தில் (குழந்தைக் காப்பகத்தில்) வயிற்றோட்டம் தொடங்கும். டிஸ்பென்சரியில் ஜீவனிப் பைக்கற்று கொடுப்பார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தாய் வீட்டில் நின்றால் அன்றைய பெயர் விழாது, நாட்சம்பளம் போய்விடும். இதெல்லாம் தண்ணீரால்தான் வருகிறது என்று நிரூபிக்க எங்களிடம் எந்த அறிக்கையும் இல்லை. அறிக்கை இல்லை என்பதுதான் எங்கள் முறைப்பாடே. 2007 இல் கம்பளையில் செங்கண்மாரி பரவியதை மலையகத்தில் பலரும் மறக்கவில்லை. அப்படி ஒன்று வந்த பிறகு மாதிரி எடுக்க ஓடி வருவதைவிட முன்பே எடுப்பது எல்லோருக்கும் செலவு குறைவு.

'கொதித்தாறிய நீரைப் பருகுங்கள்' என்று சுகாதார உத்தியோகத்தர்கள் சொல்கிறார்கள். நல்ல அறிவுரைதான், எங்களால் முடிந்தவரை கடைப்பிடிக்கிறோம். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் முழுப் பொறுப்பும் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு அடுப்படிக்குப் போகிற பெண்ணின் தலையில் வந்து விழுகிறது. 2022 நெருக்கடிக்குப் பிறகு எரிவாயு விற்கிற விலையில் சமைக்க மட்டுமே அடுப்பு எரிகிறது. மழையில் நனைந்த விறகில் ஒரு கேத்தல் கொதிப்பதற்குள் வீடு முழுக்கப் புகை. வீட்டில் கொதிக்கவைத்தாலும் மலையில் வேலை செய்கிறவர்கள் போத்தலை நிரப்புவது பீலியில்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய் வைப்பது பைப்பில்தான். தண்ணீரைச் சுத்தமாக அனுப்பும் வேலையை வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு அதைத் திட்டம் என்று சொல்ல முடியாது என்பது எங்கள் அபிப்பிராயம்.

இது எங்கள் மலைக்கு மட்டும் உள்ள கதை அல்ல என்பது தெரியும். 2022 இல் உலகில் குறைந்தது 170 கோடிப் பேர் மலக்கழிவு கலந்த மூலங்களிலிருந்து குடிநீர் எடுத்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அசுத்த நீரால் வரும் வயிற்றோட்டத்தில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 505,000 பேர் இறப்பதாகவும் அது கணக்கிடுகிறது. ஐ.நா.வின் மிலேனியம் இலக்குகளின் காலத்தில் குழாய், மூடிய கிணறு என்று மூலம் திருத்தமாக இருந்தாலே கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கின்படி குடிநீர் இலக்கு எட்டப்பட்டுவிட்டதாக 2012 இல் அறிவிப்பும் வந்தது. பிறகு 2030 ஆம் ஆண்டுக்கான நிலைபேறான இலக்குகளை வகுத்தபோது அளவுகோல் மாறியது. நீர் வீட்டு வளவிலேயே இருக்க வேண்டும், வேண்டிய நேரத்தில் கிடைக்க வேண்டும், மாசு இல்லாமல் இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால்தான் பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும் நீர். எங்களைப் பழைய அளவுகோலில் நிறுத்தினால் தேறிவிடுவோம். புதியதில் எப்படி என்று அளந்து பார்த்தால்தான் தெரியும்.

எங்கள் சரிவில் பிறக்கும் தண்ணீர் கெசல்கமுவ ஓயாவாகி, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தங்கி, கீழே மஸ்கெலியா ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிறது. அதை அம்பத்தலேயில் எடுத்து, படியவிட்டு, வடிகட்டி, குளோரின் சேர்த்துத்தான் கொழும்புக்குக் கொடுக்கிறார்கள். பிறந்த இடத்தில் நாங்கள் அதை அப்படியே குடிக்கிறோம். மேலே இருப்பதால் எங்கள் தண்ணீர் சுத்தம் என்று நினைப்பது தவறு என்பதற்கு ஜேர்மனியில் ஒரு பழைய சான்று உண்டு. 1892 இல் ஹம்பர்க் நகரத்தில் வாந்திபேதி வந்து 8,600 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்நகரம் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் குழாயில் விட்டிருந்தது. ஒட்டியே இருந்த அல்தோனா நகரம் ஹம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் நீர் எடுத்தது. ஆனால் மணலில் வடிகட்டியது. அங்கே நோய் மிகக் குறைவு. மேட்டில் இருக்கிறோமா பள்ளத்தில் இருக்கிறோமா என்பதல்ல, நடுவில் மணல் இருந்ததா என்பதுதான் அன்றைக்கு உயிர்களைப் பிரித்தது. மெதுவாக வடியும் அந்த மணல் வடிகட்டிக்கு மின்சாரம் வேண்டியதில்லை. எங்கள் மாதிரி மலைத் தண்ணீருக்கு அது நன்றாகப் பொருந்தும்.

குளோரினைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் குளோரின் போடுவதே இல்லை என்று சொல்ல மாட்டோம். யாராவது பெரியவர்கள் வருகிற வாரத்தில் தாங்கிக்குள் தூள் விழும். அன்றைக்குத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, பிள்ளைகள் துப்பிவிடும். அதற்கடுத்த நாட்களில் வாசமே இருக்காது. இரண்டுமே பிழை. தண்ணீரில் விட்டு அரை மணி நேரம் கழிந்த பின்னும் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் நிற்க வேண்டும், கடைசி வீட்டுக் குழாயில் 0.2 க்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கையால் அள்ளிப் போட்டால் இந்த அளவு நிற்காது. சொட்டுச் சொட்டாகச் சேரும் ஒழுங்கு வேண்டும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் குளோரின் அழுக்கோடு போராடியே தீர்ந்துவிடும், கிருமி தப்பிவிடும். ஆகவே வடிகட்டல் முதலில், குளோரின் அப்புறம். நாள்பட்ட தூளுக்கு வீரியமும் குறைவு. களஞ்சியத்தில் எவ்வளவு காலமாக மூட்டை கிடக்கிறது என்று யாராவது பார்க்க வேண்டும். மிச்சக் குளோரினைப் பார்க்க ஆய்வுகூடமும் தேவையில்லை. சிறு குழலில் தண்ணீர் எடுத்து மாத்திரையைப் போட்டு, இளஞ்சிவப்பு எவ்வளவு ஏறுகிறது என்று நிறப் பட்டையோடு ஒப்பிட்டால் போதும். சாதாரணதரம் படித்த எங்கள் பிள்ளைகள் யாரும் செய்வார்கள்.

இவ்வளவும் எளிது என்றால் ஏன் நடக்கவில்லை? யாருடைய வேலை என்று முடிவாகாததால். தோட்ட நிர்வாகத்திடம் போனால் குடிநீர் அரசாங்கத்தின் வேலை என்கிறார்கள். அரச அலுவலகங்களுக்குப் போனால் அது தோட்டத்துக் காணி, உள்ளே நாங்கள் கை வைக்க முடியாது என்கிறார்கள். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு அப்படி ஒரு தடையாக இருந்தது உண்மைதான். அது 2018 இல் திருத்தப்பட்டுவிட்டது. அதே ஆண்டில் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கென்று புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் சட்டமாயிற்று. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனபோதும் காணி அரசாங்கத்தின் கையில்தான் இருந்தது. சாக்குச் சொல்ல இடம் குறைந்துவிட்டது; பழக்கம்தான் இன்னும் குறையவில்லை.

ஆகவே தாங்கள் தயவுசெய்து செய்து தர வேண்டியவை: முதலாவதாகவும் அவசரமாகவும், ஊற்று, தாங்கி, கீழ் டிவிசனின் கடைசிக் குழாய் ஆகிய மூன்று இடங்களிலும் பொது சுகாதாரப் பரிசோதகர் மூலம் மாதிரி எடுப்பித்து, இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614 நியமத்தின்படி பரிசோதிக்க வேண்டும். 100 மில்லிலீற்றரில் மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ. கோலி பக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது அந்த நியமம். பாத்திகளுக்குப் போடும் எருவின் காரணமாக நைத்திரேற்றையும் பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை. பிறகு அதை வழக்கமாக்க வேண்டும். மாதிரிப் போத்தல் ஐஸ் பெட்டியில் தாமதமின்றி ஆய்வுகூடம் சேர வேண்டும் என்பது உத்தியோகத்தர்களுக்குத் தெரியும். எங்கள் பாதையில் பஸ்ஸை நம்பி அது நடக்காது. வாகனம் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். பெறுபேறு தமிழிலும் சிங்களத்திலும் பிள்ளை மடுவத்துச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பித்தும் வாங்கலாம்தான். குடிக்கிற தண்ணீரின் அறிக்கைக்கு விண்ணப்பம் எழுதும் நிலையில் எங்களை விட வேண்டாம்.

அடுத்தது ஆள். ஒவ்வொரு தாங்கிக்கும் பெயர் குறித்து ஒருவர், அவருக்குப் பயிற்சியும் மேற்சொன்ன சோதனைப் பெட்டியும் கொடுப்பனவும். அவர் எழுதும் கொப்பியை மாதத்துக்கு ஒருமுறை பரிசோதகர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். குழாயைக் கானிலிருந்து வெளியே எடுத்தல், மூடி, ஊற்றைச் சுற்றி வேலி ஆகியவற்றுக்கு மண்வெட்டி வேலையை நாங்கள் சிரமதானமாகச் செய்து தருகிறோம். பொருளும் மேற்பார்வையும் வேண்டும். மணல் வடிகட்டியைத் தேசிய சமுதாய நீர் வழங்கல் திணைக்களமோ நீர் வழங்கல் சபையோ வந்து பார்த்து மதிப்பிடட்டும். கிராமங்களில் சமுதாய அமைப்புகள் மாதக் கட்டணம் வாங்கி நீர்த் திட்டம் நடத்துவதைக் கண்டிருக்கிறோம். பரிசோதித்த தண்ணீர் வரும் என்றால் நாங்களும் கட்டணம் கட்டத் தயார். பரிசோதிக்காத தண்ணீருக்குக் கட்ட மாட்டோம்.

இதற்கெல்லாம் பிரதேச செயலகம், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, பிரதேச சபை, தோட்ட நிர்வாகம் எல்லாத் தரப்பையும் ஒரே நாளில் எங்கள் தோட்டத்துக்கு அழைத்து ஒரு கூட்டம் நடத்தித் தாருங்கள். தனித்தனியாகப் போனால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை என்றால் நல்லது. மற்ற நாளில் வந்தால் பெண்கள் மலையில் இருப்பார்கள், தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். வருகிறவர்கள் தாங்கியோடு திரும்பிவிடாமல் ஊற்றுவரை ஏறிப் பார்க்க வேண்டும். வழி காட்ட இளைஞர்கள் வருவார்கள். மேலே அட்டை அதிகம், முழங்கால் உயர பூட்ஸ் போட்டு வந்தால் நல்லது.

இப்படிக்கு,
மேல் டிவிசன், கீழ் டிவிசன் குடியிருப்பாளர்கள்
(கையொப்பங்கள் இணைப்பில்)

பிரதிகள்: பிரதேச செயலாளர், சுகாதார வைத்திய அதிகாரி, பிரதேச சபைத் தவிசாளர், தோட்ட முகாமையாளர்