அம்மாவுக்கு, பப்பாளி பற்றி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் அனைவரும் நலம். நீங்களும் அப்பாவும் தங்கையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பனி கொட்டும் இந்த நாட்டில் நல்ல பழம் கிடைக்கிறதா, சர்க்கரை நோயுள்ள அப்பா பப்பாளி சாப்பிடலாமா, வயிற்றுப்பிள்ளைக்காரியான தங்கை அதைத் தொடலாமா என்றெல்லாம் சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். மூன்றும் ஒரே பழத்தில் வந்து நிற்பதால், அவசரமாக ஒரு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை. இங்கு வந்த பிறகு நான் அக்கறையோடு படித்தும் கவனித்தும் தெரிந்துகொண்டவற்றை விரிவாகவே எழுதுகிறேன்.

பழம் கிடைக்கிறது. ஆனால் இந்த மண்ணில் பப்பாளி மரம் நிற்காது. உறைபனி பட்டால் கருகிவிடும் மரம் அது. ஆகவே நாங்கள் வாங்கும் ஒவ்வொரு பழமும் வெப்பநாடு ஒன்றிலிருந்து கப்பலிலோ விமானத்திலோ வந்ததுதான். உலகில் மிக அதிகமாகப் பப்பாளி விளைவிப்பது இந்தியா என்றாலும், ஏற்றுமதியில் மெக்சிகோவே முன்னிற்கிறது. பழ ஈ பரவக்கூடாது என்பதற்காகச் சில நாடுகளில் ஏற்றுமதிப் பழங்களை நீராவி வெப்பத்தில் வைத்து, சதையின் நடுவே சுமார் 47 டிகிரி செல்சியஸ் எட்டும் வரை சூடேற்றிய பிறகே அனுப்புகிறார்கள். இத்தனை தூரமும் கைமாற்றமும் கடந்து வருவதால், மரத்தில் நிறம் மாறியதும் பறித்து உண்பவர்களுக்குத் தேவைப்படாத ஒரு கவனம் இங்கே எங்களுக்குத் தேவைப்படுகிறது.

அந்தக் கவனத்துக்கு அடிப்படையான செய்தி ஒன்று உண்டு. வாழையும் மாவும் காயாக இருக்கும்போதே மாவுச்சத்தைச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. பறித்த பிறகு அந்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால், முற்றிய காயாகப் பறித்துப் பழுக்கப் போட்டாலும் அவற்றில் இனிப்பு ஏறும். பப்பாளியில் அத்தகைய சேமிப்பு ஏறக்குறைய இல்லை. அதன் இனிப்பு முழுவதும், காய் மரத்தில் இருக்கும்போதே இலைகளிலிருந்து வந்து சேர்ந்தாக வேண்டும். காம்பை அறுத்தவுடன் அந்த வரவு நின்றுவிடுகிறது. பின்பு தோலின் நிறம் மாறும், சதை இளகும், மணமும் வரும். இனிப்பு மட்டும் பறித்த அன்று இருந்த அளவிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். வெம்பிப் பழுத்த பப்பாளி பார்ப்பதற்குப் பழமாகவும் வாயில் வெறும் நீராகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். தொலைதூரத்துக்கு அனுப்புகிறவர்கள் காய் கெட்டியாக இருக்கும்போதே பறிக்க விரும்புவார்கள். எனவே அவசரப்பட்டுப் பறித்த காயை அடையாளம் கண்டு விலக்குவதே வாங்குகிறவரின் முதல் வேலை.

பப்பாளியில் நிறமாற்றம் பூ உதிர்ந்த அடிமுனையில் தொடங்கிக் காம்பை நோக்கி ஏறும். அடிமுனையில் மஞ்சள் கீற்றுகூட விழாமல் முழுப் பச்சையாக இருக்கும் காயை நான் பழத்துக்காக வாங்குவதில்லை. கால்பங்கு மஞ்சளேறிய செங்காய் கிடைத்தால் மூன்று நான்கு நாள் கழித்து உண்ணலாம். முக்கால்பங்கு மஞ்சளாக இருந்தால் மறுநாளே அறுக்கலாம். கையில் எடுத்தால் அதன் பருமனுக்கு மிஞ்சிய கனம் தெரிய வேண்டும். கட்டைவிரலால் காம்புப் பக்கம் மெல்ல அழுத்தினால் சற்றே இளக வேண்டும். விரல் உள்ளே போனால் அது கனிந்து கடந்துவிட்டது. காம்புக் குழியில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தாலோ, தோலில் குழிந்த வட்டக் கரும்புள்ளிகள் இருந்தாலோ, அது ஆந்த்ராக்னோஸ் போன்ற பூஞ்சை நோயாக இருக்கும் என்பதால் விட்டுவிட வேண்டும். பால் வடிந்து காய்ந்த கறையும், மேலோட்டமான சிறு மச்சங்களும் பழத்தின் உள்ளே எதையும் கெடுப்பதில்லை. வடிவத்தையும் கவனியுங்கள். ஒரே பூவில் ஆண் பெண் இரண்டும் அமைந்த மரத்தின் காய் நீண்டு, உட்குழி சிறுத்து, சதை தடித்திருக்கும்; பெண் மரத்தின் காய் உருண்டு, குழி பெருத்து, சதை மெலிந்திருக்கும். ருசியில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றாலும், எடைக்குக் காசு கொடுக்கும்போது நீண்ட காயையே எடுப்பது நல்லது.

இனி இந்த நாட்டுக் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெப்பநாட்டுப் பழத்துக்குக் குளிர் ஒரு காயம். பச்சைக்காயாக இருக்கும் பப்பாளிக்குப் பாதுகாப்பான குளிர்நிலை சுமார் 13 டிகிரி. பாதி பழுத்ததற்கு 10 டிகிரி. நன்கு பழுத்ததற்கு 7 டிகிரி. பழுக்கப் பழுக்கக் குளிரைத் தாங்கும் வலு கூடுகிறது. வீட்டு ஃப்ரிட்ஜோ சுமார் 4 டிகிரியில் ஓடுகிறது. பழுக்காத காயை அதற்குள் வைத்தால் அது கெடாமல் இருப்பதுபோலத் தோன்றுமே தவிர, பழுக்கும் ஆற்றலையே இழந்துவிடும். அத்தகைய காயை அறுத்துப் பார்த்தால் குளிர் செய்த வேலை கண்ணுக்குத் தெரியும்: தோலில் ஊசி குத்தியதுபோன்ற நுண்குழிகள், தோலுக்கு அடியில் நீர் ஊறிக் கண்ணாடிபோல் மங்கித் தெரியும் ஒரு வளையம், செந்நிறச் சதைக்கு நடுவே, கத்தியைத் தடுக்கும் அளவுக்குக் கெட்டியான கட்டிகள். வெளியே எடுத்து வைத்தாலும் அது இனிப் பழுக்காது; சில நாட்களில் பூஞ்சைதான் பிடிக்கும்.

இதனால் வாங்கி வருவதிலும் ஒரு முறை வைத்திருக்கிறோம். வெளியே நீர் உறையும் குளிர் இருக்கும் நாட்களில் பப்பாளியைச் செய்தித்தாளில் சுற்றிப் பைக்கு நடுவில் வைத்து நேரே வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். வேறு வேலைகளை முடிக்கும் வரை காரில் விட்டுவைப்பதில்லை. வீட்டுக்குள் வந்ததும் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் விரைவில் பழுக்கும் என்று தோன்றலாம். ஆனால் அதிகச் சூட்டில் ஒருபுறம் குழைந்து மறுபுறம் ரப்பர்போல் நின்றுவிடும். இருபது முதல் இருபத்தைந்து டிகிரி வரையுள்ள காற்றோட்டமான இடமே அதற்கு ஏற்றது. அறை குளிர்ந்து கிடந்தால் காகிதப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு சேர்த்து வைக்கிறோம். வாழை விடும் எத்திலீன் வாயு பப்பாளியையும் பழுக்கத் தூண்டுகிறது. பிளாஸ்டிக் பை ஈரத்தைப் பூட்டிவைத்துப் பூஞ்சைக்கு வழிவிடும் என்பதால் அது வேண்டாம். நன்கு பழுத்த பிறகு ஃப்ரிட்ஜில் வைத்து ஓரிரு நாட்களுக்குள் உண்டுவிடுகிறோம். அறுத்த துண்டுகளை மூடிய டப்பாவில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். மிஞ்சினால் தோல் சீவித் துண்டுகளைத் தட்டில் பரப்பி உறைய வைத்துப் பிறகு டப்பாவில் சேர்க்கிறோம். உறைந்த சதை இளகியபின் குழைந்துவிடும் என்பதால் அது சாறுக்கு மட்டுமே உதவும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், அம்மா. தோலைச் சீவி எறியத்தானே போகிறோம் என்று கழுவாமல் அறுக்கக்கூடாது. தோலில் இருக்கும் கிருமியைக் கத்தி சதைக்குள் இழுத்துச் செல்கிறது. 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பப்பாளி வழியாகச் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி பரவி இருநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். ஓடும் நீரில் கையால் தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டு அறுத்தால் போதும், சோப்பு வேண்டாம்.

அப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன். 100 கிராம் பழுத்த பப்பாளியில் சுமார் 88 பங்கு நீர். சர்க்கரை ஏறத்தாழ 8 கிராம். நார்ச்சத்து ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல். மொத்த ஆற்றல் 43 கிலோ கலோரி. ஆகவே சர்க்கரை நோயாளி முற்றிலும் விலக்க வேண்டிய பழமல்ல; சாறாகப் பிழியாமல், துண்டுகளாக ஒரு சிறு கிண்ணம், மற்ற மாவுச்சத்து உணவைச் சிறிது குறைத்துக்கொண்டு உண்ணலாம். இருந்தாலும் உண்பதற்கு முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் இரத்தச் சர்க்கரையைப் பார்த்து, மருத்துவரிடம் காட்டி அளவை முடிவு செய்யுங்கள். அப்பா இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுத்தாலோ, சிறுநீரகத்துக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தாலோ, கேட்காமல் தொடங்கவே வேண்டாம்.

நன்மைகளைப் பொறுத்தவரை பலரும் பப்பைனைத்தான் முதலில் சொல்கிறார்கள். இறைச்சியை மென்மையாக்கும் அந்த நொதி பச்சைக்காயின் பாலில்தான் நிறைந்திருக்கிறது. பழுத்த பழத்தில் அது மிகவும் குறைந்துவிடுகிறது. பழம் மலச்சிக்கலுக்கு உதவுவது பெரும்பாலும் நாராலும் நீராலும்தான் என்பது என் கருத்து. எனக்குப் பெரிதாகத் தோன்றுபவை வேறு. 100 கிராமில் சுமார் 60 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. இது ஆரஞ்சுக்குச் சற்று மேலேயே வரும். பீட்டா கரோட்டினும் பீட்டா கிரிப்டோசாந்தினும் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறிக் கண்ணுக்கும் தோலுக்கும் துணை செய்கின்றன. சிவந்த சதையுள்ள வகையில் தக்காளியில் இருக்கும் லைகோபீனும் சேர்ந்திருக்கிறது. மனிதர்களிடம் நடத்திய ஓர் ஆய்வில், பப்பாளியின் பீட்டா கரோட்டின் கேரட்டிலும் தக்காளியிலும் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு நன்றாக உடலில் சேர்ந்தது. உயர்ந்த சத்து இருப்பது ஒன்று, அது உடலில் ஒட்டுவது வேறொன்று. பப்பாளியில் இரண்டும் அமைந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

தங்கைக்குப் பச்சைக்காயையும் பழுத்த பழத்தையும் பிரித்துச் சொல்லுங்கள். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், எலியின் கருப்பைத் தசையைப் பச்சைக்காயின் பால் சுருங்க வைத்தது. பழுத்த பழச்சாறு அவ்வாறு செய்யவில்லை. ஆகவே பச்சைக்காயும் பாதி பழுத்துப் பால் வடியும் செங்காயும் பிரசவம் வரை அவளுக்கு வேண்டாம். நன்கு பழுத்த பழத்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அளவோடு உண்ணலாம். அதிலுள்ள ஃபோலேட் என்னும் வைட்டமினும் அவளுக்குத் தேவையானதே. ரப்பர் கையுறை பட்டால் அரிக்கும் தன்மை யாருக்காவது இருந்தால் பப்பாளிப் பாலும் ஒவ்வாமல் போகலாம் என்பதால், வீட்டில் ஒருமுறை எல்லோரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பாவின் சர்க்கரை அளவுகளைத் தேதியோடு குறித்து அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். மருத்துவர் தங்கைக்கு என்ன சொன்னார் என்பதையும் மறவாமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
அன்பு மகள்